நாடு இல்லை... கீதம் உண்டு!

நிலம் கைவிட்டுப் போய், அரசும் போய், மக்கள் வாயில் ஒரு பாட்டு மட்டும் மிச்சமிருந்தால்..? போலந்தின் கதை அதுதான்.

1795-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டதில் அந்த நாடே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. முதல் உலகப் போரில் அந்த மண் போர்க்களமாக, மக்கள் வீடிழந்து தவித்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்ட, 1915 ஜூலை 6 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் ஓர் இசை நிகழ்ச்சி.

போலந்துக்காரர் எமில் மிளினார்ஸ்கி கேட்டுக்கொண்டபடி, ஆங்கில இசை மேதை எட்வர்ட் எல்கர் 'பொலோனியா' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதி, தானே இசைக்குழுவை நடத்தினார். போலந்து மக்கள் நெஞ்சில் பொத்திவைத்திருந்த கீதத்தை அதில் சேர்த்தார். ஷோப்பான், பாடெரெவ்ஸ்கி மெட்டுகளையும் கோத்தார்.

பாடெரெவ்ஸ்கி யார்? உலகம் கொண்டாடிய பியானோ கலைஞர். தாய்நாட்டுக்காக மேடை மேடையாக வாசித்து, பேசி, நிதி திரட்டியவர். 'பொலோனியா'வை எல்கர் காணிக்கையாக்கியது இவருக்குத்தான்.

1918-ல் போலந்து மீண்டும் பிறந்தது. அடுத்த ஆண்டு அதன் பிரதமர் யார் தெரியுமா? அதே பாடெரெவ்ஸ்கி! வெர்சாய் உடன்படிக்கையில் போலந்துக்காகக் கையெழுத்திட்டதும் பியானோ வாசித்த அந்த விரல்கள்தான்.

குயின்ஸ் ஹால் 1941 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. அன்று அங்கே ஒலித்த கீதமோ, 1927 முதல் போலந்தின் அதிகாரபூர்வ தேசிய கீதம்!

இன்றிரவு யூடியூபில் 'பொலோனியா'வைத் தேடிக் கேளுங்கள். சுமார் கால் மணி நேரம்தான். கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கேட்டால் இன்னும் இனிக்கும்.