வெப்பம் தணிய வேண்டும். கூரை உளுத்துவிடக் கூடாது

மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 பாகை செல்சியஸ் பதிவானால் மெட்மலேசியா முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. அந்நாள்களில் லயத்து வீடுகளிலும் பழைய வரிசை வீடுகளிலும் தகரக் கூரைக்கு வெப்பத்தடுப்பு தேடுவது இயல்பே.

ஆனால், ஒழுகும் கூரையின் கீழ் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தால் அது நீரைப் பிடித்து வைக்கும். மரச்சட்டங்கள் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். கூரையோரக் காற்றுத் துளைகளை அடைத்தால், தங்கும் ஈரம் குளிரூட்டி ஓடும் அறையின் உட்கூரைமேல் துளிகளாகப் படியும், பூஞ்சணமும் பிடிக்கும்.

எனவே, முதல் செலவு ஒழுக்கை அடைக்க. பிறகே தகரத்துக்குக் கீழ் இடைவெளி விட்டு, பளபளக்கும் பக்கம் கீழ்நோக்க அலுமினியத் தாள்.

தோட்டக் குடியிருப்புகளை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். ஆகவே, தொழிலாளி கைக்காசில் பஞ்சு வாங்குமுன் பழுதை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவிக்கட்டும்.