மறந்ததைச் சொல்லுங்கள்



அயல்நாட்டில் செவிலியர் பணியை நாடும் நம் பிள்ளைகள் பலர், கடன்பட்டுக் கட்டணம் செலுத்தி, ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வு எழுதுகின்றனர். அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் நடைபெறும். இடையே ஓர் அட்டை தரப்படும். 'முக்கியமான ஒன்றை நீங்கள் மறந்த நிகழ்ச்சியைக் கூறுக' என்பது போன்ற தலைப்பு அதில் இருக்கும். சிந்திக்க ஒரு நிமிடம். பேச இரண்டு நிமிடம் வரை.

இதற்கும் மனப்பாட விடை தேடுவோரை நாம் கண்டிருக்கிறோம். மறதியைப் பற்றிய விடையையே மறந்து திகைப்பது எத்துணைப் பரிதாபம்! ஒப்புவித்தலைத் தேர்வாளர் எளிதில் உணர்ந்துகொள்வார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்த ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், ஒரு மணி நேரத்துள் பாதிக்கு மேல் நழுவியதை 1885-இல் வெளியிட்டார். பொருளுணர்ந்து பதிந்ததோ நெடுநாள் நிற்கும்.

ஆகவே பிள்ளைகளே, சாவியை மறந்து பூட்டிய வாசலில் நின்ற மாலையைச் சொல்லுங்கள். எப்போது, எதனால், பின் என்ன செய்தீர்கள் என வரிசையாகக் கூறுங்கள். சொல் தடுமாறினால் எளிய சொல்லால் தொடருங்கள். பெற்றோரே, இரவு உணவுக்குப்பின் இக்கேள்வியைத் தமிழிலேனும் கேட்டுப் பழக்குங்கள். வாழ்ந்ததைச் சொல்பவர்க்கு மனப்பாடம் வேண்டுவதில்லை.