மணி படி தாண்டின கதை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு ஒரு நாயைப் பத்தி எழுதறேன். நாய்னா ஆகாதவங்களும் படிக்கலாம். வயசான அப்பா அம்மாவை ஊர்ல விட்டுட்டு வந்தவங்க கட்டாயம் படிங்க.

நமக்குப் பூர்வீகம் செங்கோட்டை பக்கம். அப்பா பிழைப்பு தேடி மலை தாண்டி கொச்சிக்குப் போனவர். மட்டாஞ்சேரி ஜூ டவுன்ல ஒரு சுக்கு, மிளகு கிட்டங்கியில முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு எழுதினார். டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கிற யூதர் கோயில் (1568-ல் கட்டினது) இருக்கற தெருவுக்குப் பின்னாடி, ஒரு சந்துல ஓட்டு வீடு. வாடகைதான்.

பன்னெண்டு வருஷம் முன்னாடி கிட்டங்கிச் சாக்குக்கு நடுவுல கிடந்த குட்டியை அப்பா தூக்கிட்டு வந்தார். பேர் மணி. (தங்கமணி வேற, இவன் வேற. வீட்ல படிச்சுட்டு சண்டைக்கு வராதீங்கம்மா :-)) அம்மா போட்டது ஒரே கண்டிஷன்: "சோறு போடுதேன், ஆனா படி தாண்டப்படாது." அவனும் தாண்டலை. வெயிலோ மழையோ, வாசல் தாழ்வாரம்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா தவறிட்டார். சினிமா நாய் மாதிரி மணி தெருமுனையிலயே காத்துக் கிடந்தான்னு எழுதினா உங்களுக்குக் கண்ணீர் வரும். ஆனா அப்படி நடக்கலை. நாலு நாள் தேடினான், அப்புறம் அம்மா பின்னாடி சுத்த ஆரம்பிச்சுட்டான்.

அம்மாவை சிங்கப்பூருக்குக் கூட்டிட்டு வந்தேன். பதினோராவது மாடி. மூணு மாசம் இருந்தாங்க. பாதி நேரம் வாசக்கதவு பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாங்க. கேட்டா, "மணியை யாருய்யா பாப்பா?" பக்கத்து வீட்டு இத்தாதான் பாத்துக்கிட்டாங்க, அது அம்மாவுக்கும் தெரியும். நான் அதை ஒரு சாக்குன்னே நினைச்சேன். சரி, நாயையும் இங்கயே கொண்டு வந்துடலாம்னு பார்த்தா, எச்.டி.பி. வீட்ல அனுமதிச்ச சின்ன ஜாதி நாய் ஒண்ணுதான் வளர்க்கலாம். இங்கயே மீட்டெடுத்த கலப்பு நாய்களுக்கு மட்டும் ஒரு தனித் திட்டம் இருக்கு. மணிக்கு ரெண்டுலயும் இடமில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பின பிறகு ஒரு நாள் ஃபோன்ல நான் சொன்னதை இப்ப எழுதவே கூச்சமா இருக்கு. "யார்கிட்டயாவது குடுத்துரும்மா. இல்லைன்னா விட்டுரு, தெருநாய்தானே."

இதை நம்மள்ல எத்தனை பேர் சொல்லியிருக்கோம்? அப்பா அம்மாவுக்கு விசா வந்ததும் முதல்ல கழட்டி விடறது நாயைத்தான். வளர்த்த நாயைக் காரணமில்லாம, அது கஷ்டப்படும்னு தெரிஞ்சே கைவிடறது 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். சட்டத்தை விடுங்க. தெருவுல அதுக்கு என்ன இருக்கு? 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடிச்சுக் காப்பகத்துல அடைக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். 22-ம் தேதி அதை மாத்தி, கருத்தடையும் ஊசியும் போட்டு பிடிச்ச இடத்துலயே விடலாம்னு சொன்னாங்க. வெறிநாய், கடிக்கிற நாய்க்கு மட்டும் அது கிடையாது. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன்ல பிடிச்சதைத் திரும்ப அங்க விடக்கூடாதுன்னு இன்னொரு உத்தரவு. கடிபட்ட குழந்தைகளைப் பெத்தவங்க கோபத்துல நியாயம் இருக்கு. அந்தச் சண்டைக்கு நடுவுல, நம்ம சோறு தின்னு வளர்ந்த கிழட்டு நாயைக் கொண்டு போய் விடறதுல ஒரு நியாயமும் இல்லை.

போன ஜூன் மழையில மணியால எந்திரிக்க முடியலை. இடுப்பு மூட்டு போச்சு. தாழ்வாரத்துல தண்ணி. பன்னெண்டு வருஷம் படி தாண்ட விடாத அம்மாவே கதவைத் திறந்து "உள்ள வாடா"ன்னு கூப்பிட்டிருக்காங்க. அவன் ஒரு காலை வச்சுட்டு, அம்மா முகத்தைப் பார்த்து, பின்னாடி எடுத்துக்கிட்டானாம். "நான்தான்ய்யா இவனை இப்படிப் பழக்கிட்டேன்"னு ஃபோன்ல அழுதாங்க.

பத்து நாள் லீவ் போட்டு ஓடினேன். போன உடனே என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். மணியைத் தூக்கி உள்ள போட்டு, ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, புது மெத்தை விரிச்சு, கதவைச் சாத்தினேன். ராத்திரி பூரா ஊளை. பூஜை ரூம் வாசல்ல மூத்திரம். கதவைப் பிராண்டிப் பிராண்டி நகத்துல ரத்தம். காலைல அம்மா தரையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "நீ என்னைய சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போன மாதிரியே இருக்குய்யா."

எனக்குப் பதில் வரலை.

அப்புறம் கால்நடை டாக்டர் சொன்னபடி செஞ்சோம். முதல்ல உண்ணி, குடல்புழு, வெறிநாய்க்கடி ஊசி எல்லாம் சரி பார்த்தோம். கிட்டங்கி இருக்கற இடத்துல எலி இருக்கும், மழைத்தண்ணியில எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதனால அதுக்கும் ஊசி. மெத்தையைத் தூக்கிட்டு அவனோட பழைய சாக்கையே போட்டோம், அதுல அவன் வாசம் இருக்கு. முதல்ல நிலைப்படிக்கு வெளியே, ரெண்டு நாள் கழிச்சு உள்பக்கம் ஒரு அடி, அப்புறம் இன்னொரு அடி. சிவப்பு சிமெண்ட் தரை வழுக்கி காலை அகட்டினான், வழி முழுக்க சாக்கு விரிச்சோம். தூங்கி எழுந்ததும், தின்னதும், ராத்திரி படுக்குமுன்னும் வெளியே கூட்டிப் போனோம். உள்ள மூத்திரம் போனா திட்டலை, எதுக்குத் திட்டறோம்னு அதுக்குப் புரியாது. அமோனியா கலந்த க்ளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த வாசத்துக்கு மறுபடி அங்கயே போகும். நம்ம வலி மாத்திரையை நாய்க்குக் குடுக்காதீங்க, உயிருக்கே ஆபத்து. முக்கியமா, பகல்ல கதவைச் சாத்தலை.

மூணு வாரம் ஆச்சு. கடைசியா அவன் உள்ள வந்து படுத்தப்போ நான் அங்க இல்லை, சிங்கப்பூர் வந்துட்டேன். வந்தவன் நேரா அப்பா நாற்காலிக்கு அடியில போய்ப் படுத்தானாம்.

என் கருத்து இதுதான். வயசான நாய் மழையில கிடக்கக்கூடாது, உள்ள கொண்டு வரத்தான் வேணும். "தெருநாய்க்கு எதுக்கு வீடு"ன்னு கேக்கறவங்களோட எனக்கு ஒத்துவராது. ஆனா பாசத்துல இழுத்துட்டு வந்து கதவைச் சாத்தறதும் தப்பு. உள்ளே வர்றது நம்ம ஆசை, எவ்வளவு தூரம் வர்றதுங்கறது அதோட இஷ்டம்.

ஜூ டவுன்ல இது தெரியாதவங்க கிடையாது. இஸ்ரேல் 1948-ல் உருவான பிறகு கொச்சி யூதர்கள்ல பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க. சாரா கோஹன் அம்மா போகலை. அதே தெருவுல பூ வேலைப்பாடு துணிக்கடை வச்சிருந்தாங்க, 2019-ல் 96 வயசுல அங்கேயே காலமானாங்க. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம். சின்ன வயசுல கடை வாசல்ல அவங்களைப் பார்த்தப்போ, 'பாவம், தனியா இருக்காங்களே'ன்னு நினைப்பேன். இப்ப அப்படித் தோணலை.

அம்மாவை மறுபடி "இங்க வந்துரு"ன்னு நச்சரிக்கலை. பகல் துணைக்கு ஒரு அக்காவை வச்சிருக்கோம், நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை போறேன். இது போதுமான்னு கேட்டா, போதாதுதான். நேத்து வீடியோ கால்ல அம்மா மணியைக் காட்டினாங்க. நிலைப்படி மேல, தலை உள்ளேயும் வால் வெளியேயுமா தூங்கறான்.

"எப்பய்யா வருதே?"ன்னு கேட்டாங்க. டிசம்பர்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: நான் நாய் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்ல ஆணி புடுங்கறவன். உங்க வீட்டு மணியை டாக்டர்கிட்ட காட்டிட்டு எதையும் செய்யுங்க.