தூரத்து வாடிக்கையாளரைக் கைவிடலாமா?

இணையவழி வியாபாரம் இன்று நம்மவர்களுக்குப் புதிய விடயமல்ல. புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருப்பவரும், வீட்டு முன்னறையில் அபாயா தைத்து விற்கும் சகோதரியும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஓடர் எடுக்கிறார்கள். படம் போடுவதிலும் விலை பேசுவதிலும் நாம் தேறிவிட்டோம். சாமானைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் இன்னும் தேறவில்லை.

முகவரி சற்றுத் தூரமென்றால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "அந்தப் பக்கம் அனுப்புவதில்லை" என்று கைவிரிக்கிறோம். அல்லது கொழும்பு வாடிக்கையாளருக்குச் சொல்லும் அதே "மூன்று நாளில் வரும்" என்ற பதிலை அவருக்கும் சொல்லிவிட்டு, பிந்தியதும் கூரியர்காரர் மீது பழியைப் போடுகிறோம். இரண்டுமே நமக்குத்தான் நட்டம் என்பது எனது கருத்து.

சற்று யோசித்துப் பாருங்கள். கண்டியில் இருப்பவருக்கு நாம் இல்லாவிட்டால் இன்னும் நூறு கடைகள் உண்டு. நெடுந்தீவில் இருப்பவருக்கோ, முசலிப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கோ, பதுளைத் தோட்டமொன்றில் இருப்பவருக்கோ அப்படியில்லை. ஒருமுறை ஒழுங்காக அனுப்பினால் அவர் நம்மை விட்டுப் போகமாட்டார். பக்கத்து வீட்டாருக்கும் சொல்வார்.

ஆனால் அந்தப் பாதையை நாம் அறிந்திருக்க வேண்டும். நெடுந்தீவுக்குப் போகும் பொதி யாழ்ப்பாணம் வரை விரைவாகப் போய்விடும். அதன் பின் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. தோட்டங்களில் பல லயன் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வருவது உரியவர் கைக்குப் போக நாளெடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோது மலையகத்தில் வீதிகளும் ரயில் பாதையும் மண்சரிவால் தடைப்பட்டதைக் கண்டோம். இவற்றையெல்லாம் கூரியர்காரரின் தலையில் கட்டிவிட முடியாது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சாமானில் 600 ரூபா இலாபம் என்று வையுங்கள். பத்துப் பொதி அனுப்பினால் 6,000 ரூபா. அதில் இரண்டு திரும்பி வந்தால் இலாபத்தில் 1,200 ரூபா போய்விடும். அந்த இரண்டும் போய்வந்த செலவு தலா 500 ரூபா என்றால் இன்னும் 1,000. மிஞ்சுவது 3,800 ரூபாதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விட்டது. திரும்பிவரும் வரை முடங்கிக் கிடக்கும் முதல் வேறு.

பொதி ஏன் திரும்புகிறது? "ஓடர் பண்ணிவிட்டு ஏமாற்றுகிறார்கள்" என்று நாம் கோபப்படுகிறோம். அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் நாட்கூலி வாங்கும் குடும்பத்தில், சாமான் வந்ததும் கொடுப்பதற்கென்று எடுத்துவைத்த பணம் மூன்றாம் நாள் இருக்கும். பத்தாம் நாள் அது பிள்ளையின் மருந்துக்கோ அரிசிக்கோ போயிருக்கும். பிந்தியது நமது பொதி, குற்றவாளி அவரா?

ஆகவே ஓடர் எடுக்கும்போதே நாளையும் கூலியையும் உள்ளபடி சொல்லுங்கள். ஏழு நாளாகும் என்றால் பத்து நாள் என்று சொல்லுங்கள். முந்திப் போனால் அவருக்குச் சந்தோஷம். இரண்டு தொலைபேசி இலக்கங்கள் கேளுங்கள். வீட்டிலக்கம் இல்லாவிட்டால் கிராம சேவகர் பிரிவு, அருகிலுள்ள கடை, பள்ளிவாசல் அல்லது கோயிலின் பெயர் கேட்டுப் பொதியின் மேல் எழுதுங்கள். அனுப்பும் அன்று ஒருதரம், போய்ச்சேரும் நாளுக்கு முதல்நாள் ஒருதரம் அழைத்துப் பேசுங்கள். உள்ளே பொலித்தீன் சுற்றாமல் மழைக்காலத்தில் எதையும் அனுப்பாதீர்கள்.

ஒரே கூரியரை நம்பியிருக்கவும் வேண்டாம். தபால் திணைக்களத்துக்கு நாடெங்கும் உப தபாலகங்களும் சேர்த்து 4,000க்கும் மேற்பட்ட தபாலகங்கள் உண்டு. கூரியர் கிளை இல்லாத பல ஊர்களில் அது இருக்கிறது. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் போகும் இரவு பஸ்ஸில் தெரிந்த நடத்துனரிடம் பொதி கொடுத்தனுப்புவது நமது பழைய வழக்கம்தானே? அதேபோல் அருகிலுள்ள பட்டினத்தில் ஒரு கடைக்காரரைப் பிடித்து, பொதிக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் பத்துப் பேரின் சாமானை அவரிடமே சேர்த்துவிடலாம். வாடிக்கையாளர் சந்தைக்கு வரும் நாளில் எடுத்துக்கொள்வார்.

இன்னுமொன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவருக்கு அனுப்பவேண்டிய பொருளை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொதுவாக அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்ளப்படும். "கூரியரிடம் கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று சொல்பவருக்கு இது வசதியாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் சட்டப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த ஓடரைத் தருவதில்லை. உடைந்துபோன சாமானை மாற்றிக் கொடுத்தோமா, காணாமல்போன பணத்தைத் திருப்பிக் கொடுத்தோமா என்பதைப் பார்த்தே தருகிறார்.

கூலி கட்டாத இடமென்றால் "கட்டாது" என்று நேராகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்லுமுன் ஒருதரம் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கைவிரிக்க வேண்டாம்.