கேட்டிருந்தால் ஐந்து நிமிடம்

கணினித்துறையில் பயிலும் நம் தோழர்கள் பலரும் அஞ்சும் ஒன்று உண்டென்றால், அது ‘மெர்ஜ் கான்ஃபிளிக்ட்’ எனும் இணைப்பு முரண்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருளே இன்று நம் குழுப்பணிகளுக்குக் கைகொடுக்கிறது. இருவர் செய்த மாற்றங்களை, இருவருக்கும் பொதுவான பழைய பிரதியோடு ஒப்பிட்டு அது ஒன்றுசேர்க்கும். இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் நின்றுவிடும். இரண்டு வடிவங்களையும் மேலும் கீழுமாகக் காட்டி, முடிவை நம்மிடம் விட்டுவிடும்.

சென்ற பருவத்தில், ஜார்ஜ்டவுன் பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிடும் செயலி ஒன்றை எங்கள் குழு உருவாக்கியது. நான் மாணவர் கழிவைச் சேர்த்த அதே வரியில், மலாய்த் தோழி ஒருவர் முதியோர் கழிவைச் சேர்த்திருந்தார். செயலியைப் படைக்கும் நாளுக்கு முந்தைய நள்ளிரவில் முரண் தோன்றியது. என் வரியை வைத்துக்கொண்டு அவருடையதை நீக்கினேன். மறுநாள் விரிவுரையாளர் முதியவர் ஒருவரின் வயதை உள்ளிட்டார். முழுக் கட்டணம் வந்தது. தோழி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பேச்சே எழவில்லை.

ஏன் அவரைக் கேட்கவில்லை? தமிழ்ப்பள்ளியில் ஓயாமல் கேள்வி கேட்டவள் நான். இடைநிலைப்பள்ளியில் என் மலாயைக் கேட்டு வகுப்பே சிரித்த நாள்முதல் வாயடைத்துப்போனேன். இன்று மலாய் சரளமாக வருகிறது; தயக்கம் மட்டும் போகவில்லை.

நீக்கிய வரி கிட்டின் வரலாற்றில் பத்திரமாக இருந்தது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, இருவரும் சேர்ந்தே அதை மீட்டோம். இரண்டு கழிவுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவையே அல்ல. அருகருகே வைக்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

2003 முதல் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து எழுதும் தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அங்கே கட்டுரைக்கென்று தனியாகப் பேச்சுப் பக்கம் உண்டு. ஒரு சொல்லில் கருத்து வேறுபட்டால், அங்கே காரணம் கூறி விவாதிக்கலாம்.

முரண் என்பது பிழையன்று. இன்னொருவரும் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார் என்ற அறிவிப்பு என்பதே என் கருத்து. ஆகவே தோழர்களே, மாற்றங்களைச் சிறிது சிறிதாக, அடிக்கடி இணைப்போம். முரண் வந்தால் எழுதியவரைக் கேட்போம். தீர்த்தபின் இருவர் பகுதியையும் சோதிப்போம். நள்ளிரவாகிவிட்டதா? இணைப்பைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பவும் கிட்டில் கட்டளை உண்டு. விடிந்ததும் கேட்கலாம். எந்த மொழியில் கேட்டாலும், தட்டுத்தடுமாறிக் கேட்டாலும், கேட்பதே நன்று.