குன்னூர் ஏலமும் மஞ்சூரின் உறக்கமும்

பங்குச் சந்தை சரியும் நாளில் தொலைக்காட்சிகள் முதலீட்டாளரின் மன அழுத்தம் குறித்து விவாதிக்கின்றன. அக்கவலை பொய்யன்று. 2024 மார்ச்சுடன் முடிந்த மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாக செபியே கூறியுள்ளது. கைப்பேசி வழியே இவ்வணிகத்தில் நுழையும் நம் மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். ஆனால், ஒரு பங்குகூட வாங்காதவரின் உறக்கத்தையும் சந்தை பறிக்கிறது.

நீலகிரியின் குந்தா வட்டத்திலுள்ள மஞ்சூரில் சந்தை என்றால் குன்னூர் தேயிலை ஏலம். அதன் போக்கையொட்டியே பச்சைத் தேயிலைக்கு மாதந்தோறும் விலை அமைகிறது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது தென்னிந்தியத் தேயிலை தன் பெரும் வாடிக்கையாளரை இழந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் தொடங்கிய விலைவீழ்ச்சி சிறு விவசாயிகளைக் கடனில் தள்ளியது. 2023இலும் அவர்கள் கட்டுப்படியாகும் விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தனர். நியாயமான கோரிக்கைதான். எனினும், அவர்தம் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் அச்செய்திகளில் எங்கே?

விலை சரிந்தால் முதலில் குறைவது கூலி நாள்கள். விலை ஏறும்போதோ கூலி கூடவே ஏறுவதில்லை. ரூபாயின் மதிப்பு குறித்து ஹில்டன் யங் ஆணையத்திடம் சாட்சியமளித்த அண்ணல் அம்பேத்கர் இதையொத்த ஒன்றையே சுட்டினார்: நாணய மதிப்பு வீழ்ச்சியில் ஏற்றுமதியாளர் காணும் ஆதாயம் தொழிலாளியின் கூலியிலிருந்து வருவது. மஞ்சூரில் ஆதாயத்தில் பங்கில்லாதவர் நட்டத்தில் மட்டும் பங்குதாரர். வாரத் தவணை வசூலிக்க வரும் நுண்கடன் நிறுவனத்துக்கு ஏல நிலவரம் பொருட்டன்று. அத்தவணை நாளுக்கு முந்தைய இரவின் பதற்றத்தை எந்தச் சந்தைக் குறியீடும் அளப்பதில்லை.

இவர்களுள் பலர் 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பத்தினர், பெரும்பகுதியினர் தலித்துகள். இவர்களின் மறுவாழ்வுக்கெனவே அரசின் டேன்டீ தோட்டங்கள் உருவாயின. நட்டத்தைக் காரணம் காட்டி 2022இல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. வேலையோடு பிணைந்த வீட்டில் வாழ்பவருக்கு ஏல விலை என்பது கூரை பற்றிய அச்சமும்கூட. ஒருமுறை நாடு பெயர்த்து நடப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது புதிய அச்சமுமன்று.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறக்குறைய 26 விழுக்காட்டினர் தினக்கூலிகள். அவ்வறிக்கை தொழில், கல்வி, வருமானம் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது, சாதியைப் பட்டியலிடுவதில்லை. ஆகவே கொள்கை வகுப்போர் மனச்சோர்வைத் தனிமனித நோயாகவே கண்டு ஆலோசனை எண்ணைத் தருகின்றனர். 104க்கு அழைப்பது உயிர் காக்கும், தயங்காமல் அழையுங்கள். அதே வேளையில், குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டாவும், விலை விழும் மாதங்களில் உறுதியான வேலைநாள்களும் கேட்கிறோம். தேயிலை வாரியம் மாத விலையை அறிவிக்கும்போது, அம்மாதம் பறிப்பவருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதையும் அறிவிக்கட்டும்.