கணக்குக் கேட்பார் யார்?

தென்னேரியின் கரை உடைந்தால் ஊரார் முதலில் நீர்க்கட்டியைக் கேட்பர்; அடுத்து நீர்வளத்துறை அதிகாரியைக் கேட்பர். கூட்டுறவுச் சங்கக் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் செயலாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், ஒரு கொலையோ பெண்ணின் மீதான வன்கொடுமையோ நிகழ்ந்து, அதன் புலன் விசாரணை கவனிப்பாரற்றுப் போய்க் குற்றவாளி தப்பிவிட்டால், யாரைக் கேட்கிறோம்? புகாரை வாங்க மறுத்தவர் மாறுதலாகிப் போயிருப்பார். பின் வந்தவர், "அது என் காலத்து வழக்கன்று" என்பார். இழந்தவர் மட்டும் அதே வீட்டில், அதே துயரத்தோடு இருப்பார்.

கணக்குக் கேட்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என வாரியங்களில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்தில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அங்கே விதி. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தகுதி இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கு மட்டுமே இடமளித்த சபை அது. அதை மக்களாட்சி என்று கொண்டாட நாம் முற்படவில்லை. ஆயினும், பொதுப்பணி ஏற்றவன் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் அறிவு அவர்களுக்கு இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நமக்கு அது இல்லாமற் போவது தகுமா?

வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிச் சிற்றூருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அம்மக்களின் முறையீட்டுக்கு மாநிலக் காவல்துறை செவிசாய்க்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்ட பின்னரே மத்தியப் புலனாய்வுத் துறை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேலிருந்தோரிடம் கணக்குக் கேட்க 31 ஆண்டுகள் ஆயின!

சட்டம் இல்லையா? இருக்கிறது. கைது செய்து தண்டிக்கத்தக்க குற்றம் எனத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிறுமி கொல்லப்பட்ட கிஷன்பாய் வழக்கில், விசாரணைக் குறைகளால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானபோது, 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஒன்று சொன்னது: விடுதலையில் முடியும் வழக்குகளில் தவறிழைத்த அதிகாரி யார் எனக் கண்டறிந்து, அவர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அவ்வாறு கேட்கப்பட்டதா என்று நாம் என்றேனும் வினவியதுண்டா?

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கின் தீர்ப்பு, காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும் என்றது. மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டமோ, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகவும் காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. கணக்குக் காட்ட வேண்டியவரையே கணக்குத் தணிக்கைக்கு அமர்த்துவதற்கு இது ஒப்பாகும். உத்தரமேரூர்ச் சபையார் இதைக் கேட்டால் நகைப்பர்.

காவலர் பக்கமும் நியாயம் உண்டு. திருவிழாப் பாதுகாப்பு, அமைச்சர் வருகை, சாலை மறியல் என ஓடும் அதே ஆய்வாளர்தான் கொலை வழக்கையும் துலக்க வேண்டியிருக்கிறது. இதனாலன்றோ, புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்குமாறு அத்தீர்ப்பு பணித்தது! அதுவும் முதற்கட்டமாகப் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் என்றது. தென்னேரிக்கும் வாலாஜாபாத்துக்கும் அந்த முறை எப்போது வரும்? நேர்மையான காவலரும் நம்மோடு சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

நற்செய்தியின் உவமையில் வரும் கைம்பெண்ணை நாம் புகழ்கிறோம். அவள் சலியாமல் நீதிபதியிடம் சென்றாள் என்கிறோம். அவளைச் சலியாமல் நடக்க வைத்தவனை மறந்துவிடுகிறோம். நடக்க வலுவுள்ளவர்க்கு மட்டும் கிட்டும் நீதி, நீதியாகுமா? நடக்க இயலாமல் பாதியில் அமர்ந்துவிட்ட கைம்பெண்கள் எத்தனை பேரோ!

ஆகவே, துன்புற்றவருக்கு ஆறுதல் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவரோடு காவல் நிலையம் செல்வோம். மனு ரசீதோடு திரும்பாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவோம். அது இலவசமாகத் தரப்பட வேண்டும். பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதுவோம். அவரும் மறுத்தால் நீதித்துறை நடுவரை நாடுவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, விசாரணை எந்நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் புகார் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவித்தாக வேண்டும். அந்தத் தொண்ணூறாம் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்போம். வாக்குக் கேட்டு வருவோரிடம், புகார் ஆணையத்துக்கு நீதிபதி தலைமை ஏற்பது எப்போது என்று கேட்போம்.

கேட்பவர் இல்லாத இடத்தில் கணக்கு எழுதப்படுவதில்லை. நாம் கேட்போம்.